மலைக்கிராமத்தில் மழைநீர் வடிகால்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆண்டுச் சராசரி மழை 800 முதல் 900 மி.மீ. வரைதான் என்றாலும், அது ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழையாகவும், ஆவணியிலிருந்து கார்த்திகை வரை விட்டுவிட்டு வரும் பெருமழையாகவும் சில மணி நேரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் அந்தச் சில மணி நேரங்களில்தான் தெரு அரிக்கப்படுகிறது, சுவர் ஊறுகிறது, கொல்லை மண் அடித்துச் செல்லப்படுகிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடங்களில் அதே பழுதுகள் வருவதால், அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்ட வேண்டாம். "புதுக் கால்வாய் கட்டித் தாருங்கள்" என்று மனு எழுதப்படும் இடங்களில் பெரும்பாலானவை, நான்கு பேர் மண்வெட்டியோடு அரை நாள் நின்றால் சரியாகிவிடக்கூடியவை.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. தண்ணீர் வெளியே வந்து தொல்லை தரும் இடம் ஒன்று. பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் அதற்கு மேலே இன்னொன்று. ஆகையால் வழியும் இடத்தில் நின்று காரணம் தேடாமல், தண்ணீர் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள். அதையும் மழை பெய்யும்போதே, இடி மின்னல் இல்லாத நேரத்தில் பாருங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாக் கால்வாயும் நல்ல கால்வாயாகவே தெரியும்.

## எல்லாவற்றுக்கும் முன்: உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்

வீட்டுக்கு மேற்புறச் சரிவில் புதிதாக நீளவாக்கில் வெடிப்பு விட்டிருந்தாலோ, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ வேலிக்கல்லோ சாய்ந்திருந்தாலோ, இதுவரை காய்ந்திருந்த சரிவில் திடீரென்று செந்நிறக் கலங்கல் ஊற்று புறப்பட்டாலோ, கால்வாயைப் பற்றி யோசிக்கும் நேரம் அது அல்ல. இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் அறிகுறி ஒன்று உண்டு: மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைவது. வெள்ளம் வடிந்துவிட்டதென்று மக்கள் நிம்மதியாகத் துறைக்கு இறங்குகிறார்கள். ஆனால் மேலே எங்கோ மண்ணும் மரமும் சரிந்து ஓடையை அடைத்திருக்கக்கூடும், அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது அனைத்தும் ஒரே நேரத்தில் வரும்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டாரை எழுப்பி, ஓடைப் போக்கிலிருந்து பக்கவாட்டில் விலகி, மேடான இடத்துக்குச் செல்லுங்கள். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓட வேண்டாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழையுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டதென்று அவர்கள் உறுதிசெய்யும்வரை அருகே யாரையும் விடாதீர்கள்.

## கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நான்கடிக் கோல், டார்ச், அளவு டேப், மண்வெட்டி, கடப்பாரை, சுண்ணாம்புக் கட்டி. இவற்றோடு கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் ஒன்று, அதாவது நிறமில்லாத அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய், பத்து மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் வேண்டும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். குமிழ் முழுதும் வெளியேறிய பிறகே அளக்க வேண்டும். மூடிய கற்களைக் கையால் தூக்காமல் கடப்பாரையால் நெம்புங்கள், ஏனெனில் வறண்ட கால்வாயின் கல்லிடுக்கில் கட்டுவிரியன் படுத்திருப்பது எங்கள் பக்கம் அரிதான செய்தி அல்ல.

## அறிகுறி 1: தெருவே ஓடையாகிறது, பக்கக் கால்வாயோ பாதி காலியாக இருக்கிறது

மலையூர்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான். கால்வாய் சிறியது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. கால்வாய் காலியாக இருக்கும்போது அதன் அகலம் எப்படிக் காரணமாகும்? தண்ணீர் அதற்குள் இறங்க வழியில்லை என்பதே பொருள்.

சாலை விளிம்பில் மண்வரம்பு உள்ளதா? சாலைக்கும் கால்வாய்க்கும் இடையில் புல் முளைத்து, அந்தப் புல் ஒவ்வொரு மழையிலும் வண்டலைப் பிடித்துப் பிடித்து ஒரு சிறு வரப்பாகிவிடுகிறது. இரண்டு விரற்கடை உயரம் போதும். சரிவில் வேகமாக இறங்கும் நீர் அதைத் தாண்டாமல் ஒட்டியே ஓடிவிடும். வரப்பைச் செதுக்கி எடுத்து, மண்ணைக் கால்வாயில் தள்ளாமல் எதிர்ப்புறம் வாரிக் கொட்டுங்கள். முழுவதும் செதுக்க ஆள் இல்லையென்றால் பத்து மீட்டருக்கு ஒன்றாக, நீர் கால்வாய்க்குள் இறங்கும் வாய்மடை வெட்டுங்கள். வாய்மடையைச் சாலைக்கு நேர்குறுக்காக வெட்டினால் வேகமான நீர் அதைத் தாண்டிக்கொண்டு போய்விடும். கீழ்நோக்கிச் சாய்வாக வெட்டி, மடையின் கீழ்ப்புறத்தில் ஒரு கல்லைப் பதித்து நீரைத் திருப்பிவிட வேண்டும். கழனியில் மடை திருப்பிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டு வாசல்களில் சிமெண்ட் சாய்வு போட்டிருக்கிறார்களா? இருசக்கர வண்டியை ஏற்றி இறக்குவதற்காகக் கால்வாயின் மேல் கல்லையும் மண்ணையும் கொட்டி, அடியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, மேலே சிமெண்ட் பூசிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒன்றரை அடி அகலக் கால்வாயின் தண்ணீர் நான்கு அங்குலத்தில் நுழைய முடியாது. சாய்வில் மோதித் தெருவுக்கு ஏறும், பிறகு கால்வாய்க்குத் திரும்பி வராது. எனவே ஊருக்குக் கீழே வெள்ளம் என்றால் மேலிருந்து முதல் சாய்வு எந்த வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டுத் தூக்கி வைக்கக்கூடிய கான்கிரீட் பலகையோ இரும்புக் கம்பிச் சட்டமோ போட்டால் வண்டியும் ஏறும், தண்ணீரும் போகும். இதில் வேலையைவிடப் பேச்சுதான் கடினம். ஊராட்சி நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், மழை நேரத்தில் அந்த வீட்டுக்காரரையே வெளியே அழைத்து, "அண்ணா, தண்ணி உங்க வாசல்ல மோதித்தான் தெருவுக்கு ஏறுது, நீங்களே பாருங்க" என்று காட்டினால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். பலகைக்கான செலவை அந்தத் தெருவே பகிர்ந்துகொள்வது நியாயம் என்பது என் கருத்து.

கால்வாய்ச் சுவரின் தலை சாலையைவிட உயரமாக உள்ளதா? சாலை மட்டத்தைப் பாராமல் கால்வாயைக் கட்டிய இடங்களில் இது நேர்கிறது. தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சாலை மட்டத்தில் சுவரில் துவாரங்கள் உடைக்க வேண்டும். ஊராட்சியின் அனுமதியோடு கொத்தனாரை வைத்துச் செய்யலாம். இதற்கு நேர்மாறாக, பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சாலை உயர்ந்து வாசல்கள் தாழ்ந்துவிட்ட தெருக்களும் உண்டு. அங்கே துவாரம் உதவாது, அடுத்த முறை தளம் போடும்போது பழையதைச் சுரண்டி எடுக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும்.

சாலையே எதிர்ப்புறம் சாய்ந்துள்ளதா? கால்வாய் மலைப்பக்கத்தில் இருக்க, தளம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் மேற்கண்ட எதுவும் பயன்படாது. சாலைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கனமான இரும்புக் கம்பி மூடியிட்ட கால்வாய் அமைத்தாக வேண்டும். இது பொறியாளரின் வேலை. ஊராட்சி ஒன்றியச் சாலையானால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும், பெரிய மலைப்பாதையானால் நெடுஞ்சாலைத் துறையையும் அணுகுங்கள். சாலை யாருடையது என்று தெரியாமல் கொடுக்கப்படும் மனு இரு அலுவலகங்களுக்கும் இடையில் அலைந்துகொண்டே இருக்கும்.

## அறிகுறி 2: கால்வாய் நிரம்பி வழிகிறது

எங்கே வழிகிறது என்பதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரிகிறது.

ஒரே இடத்தில் மட்டும் வழிந்தால், மேலே சொன்ன பொதுவிதிக்கு மாறாக, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே அடைப்பு இருக்கிறது. கேழ்வரகுத் தாள், மக்காச்சோளச் சக்கை, சில்வர் ஓக் இலை, இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் பை சேர்ந்தால் போதும். நான்கடிக் கோலை விட்டுப் பார்த்து வண்டலின் உயரத்தை அளந்து வையுங்கள். ஒன்றரை அடி ஆழக் கால்வாயில் அரை அடி வண்டல் என்றால் மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விட்டது. வாரிய வண்டலைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதை மறுபடியும் உள்ளே கொண்டுவந்துவிடும். பாண்டுச் சட்டியில் அள்ளி அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். தூர்வாருவதைக் கோடை மழைக்கு முன் ஒரு முறையும், ஆடி முடிவதற்குள் ஒரு முறையும் செய்துவிட வேண்டும்.

சாலைக்கு அடியில் குழாய் பதித்த சிறுபாலத்தின் வாயில் தேங்கி வழிந்தால் பாலத்தின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் இருவர் நின்று பாருங்கள். இந்த ஒரு சோதனை பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். மேல்முனையில் நீர் தேங்கி, கீழ்முனையில் மெல்லிய தாரையாக விழுந்தால் அடைப்பு வாயிலோ குழாய்க்குள்ளோ இருக்கிறது. கீழ்முனையும் நீரில் மூழ்கியிருந்தால் குழாய் மேல் பழியில்லை. அதற்கும் கீழே ஓடை மேடாகிவிட்டது, அங்கே வெட்டி ஆழப்படுத்த வேண்டும். கீழ்முனையில் குழாய் நிறைந்து வேகமாகப் பீய்ச்சியும் மேலே வழிந்தால் மட்டுமே குழாய் சிறியது என்று சொல்லலாம்.

அடைப்பை எடுக்கும்போது கவனம் தேவை. தண்ணீர் தேங்கி நிற்கும் வாய்க்குள் கையையோ காலையோ விடக் கூடாது. அடைப்பு விடுபடும் நொடியில் உறிஞ்சி இழுக்கும் விசை ஒரு வளர்ந்த ஆளையும் குழாயோடு அழுத்திவிடும். நீளமான மூங்கிலால் பக்கவாட்டில் நின்று குத்துங்கள், அல்லது நீர் வடியும்வரை பொறுங்கள். வாயில் நெருக்கமான கம்பி வலை வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது இலையால் அடைந்து அணையாகிவிடுகிறது. இருபதடிக்கு மேலே, ஒரு சாண் இடைவெளியில் நான்கைந்து கற்கால்களை நட்டுவைத்தால் கிளைகள் அங்கேயே தங்கும், நீர் இடையில் புகுந்து போகும், வாருவதும் எளிது.

குழாய் உண்மையிலேயே சிறியதென்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். 600 மி.மீ. குழாய்க்குப் பதில் 900 மி.மீ. குழாய் போட்டால் வாயின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது; 600-க்குப் பக்கத்தில் இன்னொரு 600 வைப்பதைவிட இது மேல், ஏனெனில் பெரிய வாயில் கிளை சிக்குவது குறைவு.

கால்வாய் நெடுகிலும் வழிந்தால் வரும் தண்ணீரின் அளவே மாறியிருக்கிறது. சென்ற ஆண்டுவரை தாங்கிய கால்வாய் இந்த ஆண்டு தாங்கவில்லையென்றால் மேலே போய்ப் பாருங்கள்: ஜேசிபி வைத்துப் புதிதாக வண்டிப்பாதை வெட்டினார்களா, கல்வரப்பை எடுத்துவிட்டு மரவள்ளிக்குச் சரிவு வாக்கில் உழுதார்களா, பக்கத்து ஓடையின் நீரை யாராவது இந்தப் பக்கம் திருப்பினார்களா? மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழை ஒரு ஏக்கரில் விழும்போது மணிக்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் ஆகிறது. அதில் பாதி மண்ணில் இறங்கினாலும் மீதி நொடிக்கு 28 லிட்டர், அதாவது நொடிக்கு இரண்டு குடம். ஐந்து ஏக்கர் சரிவு புதிதாகக் கால்வாயோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கைக் கொண்டே சொல்லிவிடலாம். சரிவுக்குக் குறுக்காக உழுவதும், சமமட்டத்தில் கல்வரப்பை மீண்டும் அடுக்குவதும் கால்வாயை அகலப்படுத்துவதைவிட மலிவு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையைத் தாங்கும் கால்வாயை எந்தச் சிற்றூரும் கட்ட முடியாது. ஆகவே கால்வாய் வழியும்போது தண்ணீர் எந்த வழியில் போனால் வீடுகளுக்குச் சேதம் குறைவு என்று பார்த்து, அந்த வழியில் வைக்கோற்போர், ஆட்டுப்பட்டி, வண்டி எதுவும் இல்லாமல் வைத்திருப்பதே ஊர் செய்யக்கூடியது.

## அறிகுறி 3: மழை நின்று இரண்டு நாளாகியும் நீர் தேங்கி நிற்கிறது

முதலில் அது மழைநீர்தானா என்று பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் வால்வை ஓர் இரவு மூடிவைத்து, காலையில் தேக்கம் குறைந்திருந்தால் குடிநீர்க் குழாயில் கசிவு. குறையாமல், தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருந்தால் ஊற்று. அதை அடைக்க முயலாமல் ஜல்லி நிரப்பிய சிறு பள்ளத்தின் வழியே கால்வாய்க்கு விடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கால்வாயின் அடித்தளம் நடுவில் தாழ்ந்திருக்கிறது. வண்டல் வரும் கால்வாய்க்குப் பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. இறக்கம் இருப்பது நல்லது. ஐந்துக்குக் கீழே போனால் வண்டல் தங்கிவிடும். தாழ்ந்த இடத்தை மட்டும் கான்கிரீட் போட்டு உயர்த்தலாம், ஆனால் அதற்குக் கீழே மேடு இல்லை என்பதை அளந்து பார்த்த பிறகே. வேலை முடியும்வரை வாரம் ஒரு முறையாவது தேக்கத்தை இறைத்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

## அறிகுறி 4: வீட்டின் பின்சுவர் ஊறுகிறது, தரையில் ஈரம் ஏறுகிறது

மலையை வெட்டிச் சமன்செய்து கட்டிய வீடுகளில் ஈரம் எப்போதும் மேட்டுப்பக்கச் சுவரில்தான் தொடங்கும். கூரையின் தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்பதை முதலில் பாருங்கள். தகரக் கூரைக்கு ஒரு தகரப் பீலி வைத்து நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் பாதி வீடுகளில் ஈரம் நின்றுவிடும். அடுத்து, வெட்டிய மேட்டிலிருந்து சரிந்த மண் சுவரில் சாய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சன்னல் உயரம்வரை மண் ஏறியிருக்கும் வீடுகள் உண்டு. விறகும் தட்டும் அடுக்கி மறைத்துவிட்டதால் வீட்டாருக்கே அது தெரிவதில்லை. அந்த மண்ணை வறண்ட நாளில், மேலிருந்து கீழாக, சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். அடியைத் தோண்டினால் மேல்மண் ஆள் மேல் சரியும்.

இவற்றுக்குப் பிறகும் ஈரம் வந்தால், வெட்டிய மேட்டின் உச்சியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, மேலே வரும் நீரைப் பிடித்து இருபக்கமும் திருப்பும் கால்வாய் ஒன்று வேண்டும். விளிம்பை ஒட்டி வெட்டினால் அதுவே மேட்டைச் சரித்துவிடும். அடித்தளம் நீர் தங்காத இறக்கத்தோடு கல் பாவியிருக்க வேண்டும், அது போய்ச் சேரும் இடம் அடுத்த வீட்டின் தலைக்கு மேலாக இருக்கக் கூடாது. மேட்டுக்கு மேலே காப்புக்காடு தொடங்கினால் ஒரு மண்வெட்டி மண்ணையும் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள். சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் இருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்கும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

## அறிகுறி 5: தடுப்புச் சுவர் வயிறு தள்ளுகிறது

சுவரில் வடிதுளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பின் அவற்றில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். துளை உலர்ந்திருந்தும் சுவர் ஈரமாக இருந்தால் துளை அடைபட்டிருக்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் பாரம்தான் தள்ளுகிறது. புடைப்பு இன்னும் தொடங்காத சுவரில், வறண்ட நாளில், கம்பியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யலாம்.

புடைப்பு தொடங்கிவிட்டால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: புடைப்பின் உச்சியில் நூல் கட்டி, சுண்ணாம்பால் குறியிட்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். முட்டுக்கொடுக்கவோ முன்னால் மண் குவிக்கவோ முயல வேண்டாம். குறி நகர்ந்திருந்தால் கீழே இருப்பவர்களை வெளியேற்றிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். புதிதாகக் கட்டும்போது சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புவதைக் கண்ணெதிரே பார்த்து உறுதிசெய்யுங்கள். செலவைக் குறைக்க வெட்டிய மண்ணையே தள்ளி மூடிவிடுவதால்தான் பல சுவர்கள் சில மழைக்காலங்களுக்குள் வயிறு தள்ளுகின்றன.

## அறிகுறி 6: கால்வாய் முடியும் இடத்தில் பள்ளம் அரித்து மேலேறி வருகிறது

கால்வாய் கட்டும்போது அது எங்கே முடிகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சிமெண்ட் கால்வாயில் வேகம் பிடித்து வரும் நீர், வெறும் மண்ணில் விழும் இடத்தைக் குடைந்துகொண்டே இருக்கும். பள்ளத்தின் விளிம்பு ஒவ்வொரு மழைக்கும் பின்வாங்கி, கடைசியில் கால்வாயையே அந்தரத்தில் தொங்கவிடும்.

பள்ளம் முழங்காலளவுக்குள் இருந்தால் ஊரே செய்யலாம். விழும் இடத்தில் ஒரு ஆள் தூக்கச் சிரமப்படும் அளவுள்ள கருங்கற்களை, சிமெண்ட் இல்லாமல், ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்தும்படி இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பாவுங்கள். அடியில் சிறு ஜல்லி இட வேண்டும், இல்லையென்றால் இடுக்கு வழியே மண் உறிஞ்சப்பட்டுக் கற்கள் புதைந்துவிடும். அதற்குக் கீழே பள்ளம் நெடுகிலும் சிறு கல்தடுப்புகள் அமையுங்கள். கீழ்த்தடுப்பின் தலை, மேல்தடுப்பின் அடிக்குச் சமமட்டத்தில் இருக்கும்படி இடைவெளி அமைய வேண்டும். இதைத் தண்ணீர்க் குழாயால் பார்க்கலாம். ஒவ்வொரு தடுப்பும் நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருக்க வேண்டும், ஓரங்கள் கரைக்குள் ஓரடியாவது புதைந்திருக்க வேண்டும். நேர்மட்டமாகக் கட்டினால் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அரிக்கும். கரையில் வெட்டிவேர் நட்டால் இரண்டு பருவத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பள்ளம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டாலோ, சாலைக்கும் வீட்டுக்கும் அருகே வந்துவிட்டாலோ, வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுங்கள். தடுப்பணை, பள்ளக் கட்டுப்பாடு ஆகியவை அவர்கள் செய்யும் பணிகள். மனுவோடு புல வரைபடத்தின் நகல் ஒன்றை இணையுங்கள். நீர் விழும் இடம் ஓடைப் புறம்போக்கா பட்டா நிலமா என்பது அதில்தான் தெரியும். பட்டா நிலமென்றால் அந்த விவசாயியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் வேலை தொடங்காது. பழைய ஓடை ஒன்று வரைபடத்தில் இருந்து, தரையில் கொல்லையாகிவிட்டிருந்தால் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் நில அளவரை வரவழைத்து அளக்கச் செய்யுங்கள். மழை நேரத்தில் எடுத்த வீடியோ, கோலை நிறுத்தி ஆழம் தெரியும்படி எடுத்த படம், பள்ளத்தின் நீள அகலம் ஆகியவை மனுவில் இருந்தால், பார்வையிட வரும் பொறியாளர் முதல் வருகையிலேயே மதிப்பீடு தயாரிக்கத் தொடங்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி நகலையும் சேர்த்துவிடுங்கள். அக்டோபர் 2 சபைவரை காத்திருந்தால் அதற்குள் பெருமழை தொடங்கிவிடும்.